ஹர்த்தால் அன்றைக்கு மட்டும் நிரம்பும் வகுப்பு

கேரளாவில் ஹர்த்தால் என்றால் எங்கள் பள்ளிக்கூடம் நிரம்பிவிடும். போடிக்கும் கம்பத்துக்கும் நடுவே மலையடிவாரத்தில் ஒரு ஊர், அதில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, அங்கே ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு நான் கணக்கு எடுக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கட்சி கடையடைப்பு அறிவித்தால் இந்தப் பக்கம் என் வகுப்பில் பெஞ்சு காலியாக இருக்காது. ஓணத்துக்கும் அப்படித்தான். இதைக் கவனிக்கவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் காலையில் வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட்டே போடாமல் பேனாவை மூடிவிட்டு, "என்னடா இன்னைக்கு எல்லாரும் வந்துட்டீங்க?" என்று கேட்டேன். பின்வரிசைப் பையன் ஒருத்தன், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி, "ஜீப்பு போகலைல டீச்சர்" என்றான்.

ஜீப்பு போகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேருக்கு வேலை இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில். போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை. கம்பம்மெட்டு வழியாக நெடுங்கண்டம், வண்டன்மேடு. விடிவதற்கு முன்னாலேயே தெருமுனையில் ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, கையில் தூக்குவாளி, மழைக்காலமானால் மடித்த பிளாஸ்டிக் தாள் ஒன்று. இத்தனையோடு ஏறி, ஒருத்தர் மடியில் ஒருத்தர் என்று நெருக்கி உட்கார்ந்து, அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் தூங்கிக்கொண்டே போவார்கள். ஏலக்காய் உச்சாணிக் கிளையில் காய்ப்பதில்லை, தூரடியில் தரையோடு படரும் சரத்தில் காய்ப்பது. நாள் முழுக்க ஈரத்தில் குத்தவைத்து எடுத்துவிட்டு ராத்திரி ஏழு மணிக்கு வந்து இறங்குவார்கள். ஆடி பிறந்ததிலிருந்து தை வரைக்கும் காய் எடுப்பு சுற்றுச் சுற்றாக நடக்கும். எங்கள் கல்வியாண்டில் பெரும்பகுதி அதோடு போய்விடுகிறது.

ஆக அம்மா ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறார். பள்ளிக்கூட மணி ஒன்பதே காலுக்கு. நடுவில் நாலேகால் மணி நேரம் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. அப்பா இருக்கிறாரே என்று கேட்பீர்கள். இருக்கும் வீட்டில் இருக்கிறார், முந்தின ராத்திரியின் பலனாகத் தூங்கிக்கொண்டு. எல்லா வீட்டையும் சொல்லவில்லை, சில அப்பாக்கள் சடை பின்னிவிட்டே அனுப்புகிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த நாலேகால் மணி நேரத்தின் நிர்வாகி பதினோரு வயதுப் பெண்பிள்ளை. தம்பியை எழுப்பணும், பழைய சோறோ ராத்திரிக் குழம்போ சூடு பண்ணணும், தலை சீவணும், வீட்டைப் பூட்டிச் சாவியை ஓட்டு இடுக்கில் சொருகணும், அப்புறம் முக்கியமானது, குழாயில் தண்ணீர் வந்தால் பிடித்து வைக்கணும். எங்கள் ஊரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எட்டு மணி வாக்கில் தண்ணீர் விடுவார்கள். என்னிடம் பிள்ளைகள் சொல்லும் காரணங்களில் காய்ச்சலை விட, வயிற்றுவலியை விட, அதிகம் கேட்டது "தண்ணி வந்துச்சு டீச்சர்" என்பதைத்தான்.

நான் முதலில் இதை நம்பவில்லை. சாக்கு என்றுதான் நினைத்தேன். பிந்தி வந்தவர்களை வெளியே நிற்கவைத்தேன், நானும் அந்தப் பாவத்தைச் செய்தவள்தான். ஒன்பதரைக்கு ஓடிவந்த பிள்ளையைப் பத்து நிமிஷம் வெயிலில் நிற்கவைத்தால் அது மறுநாள் ஒன்பதே காலுக்கு வந்துவிடும் என்று ஏனோ நாமெல்லாம் நம்புகிறோம். நடப்பது வேறு. அடுத்த தடவை பிந்திப்போனால் அது கேட் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. அரை மணி நேரம் போனதைத் தண்டிக்கப்போய் முழு நாளையும் போக்கடித்துவிடுகிறோம்.

இப்போது கணக்கு டீச்சராகக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். மேலே இருந்து எங்களிடம் எப்போதும் கேட்பது ஒரே ஒரு எண்: சதவீதம். காலையில் செயலியில் வருகை போட்டதும் பள்ளி, குறுவளமையம், ஒன்றியம், மாவட்டம் என்று அந்தச் சதவீதம் ஏறிப்போகும். தொண்ணூறுக்கு மேல் இருந்தால் யாரும் போன் பண்ண மாட்டார்கள். ஆனால் 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் தினமும் சராசரியாக 27 பேர் வருகிறார்கள் என்றால், அந்தத் தொண்ணூறு சதவீதத்துக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கலாம் என்று பாருங்கள். மூன்றே பேர் வருஷம் முழுக்க வராமல் இருந்திருக்கலாம். முப்பது பேருமே பத்து நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டிருக்கலாம். இல்லை, இருபது பேர் ஒரு நாள்கூடத் தவறாமல் வர, மீதிப் பத்துப் பேர் பத்து நாளில் மூன்று நாள் வராமல் இருந்திருக்கலாம். மூன்றுக்கும் விடை 90தான். ஆறு முதல் எட்டு வரை கல்வி உரிமைச் சட்டப்படி வருஷத்துக்கு 220 வேலை நாள். அந்தக் கடைசிப் பத்துப் பேர் ஆளுக்கு 66 நாளை இழக்கிறார்கள். இரண்டரை மாசப் பாடத்துக்கு மேலே.

இதில் கொடுமை என்னவென்றால் இந்தப் பிள்ளை எந்தப் பட்டியலிலும் வராது. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில், சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்டத்தின் வரையறைப்படி, சொல்லாமல் கொள்ளாமல் 45 நாளோ அதற்கு மேலோ வராமல் இருந்தால்தான் இடைநின்ற குழந்தை. என் வகுப்புப் பிள்ளை திங்கள் வராது, செவ்வாய் வரும், புதன் வரும், வியாழன் வராது. அதற்கு எந்தப் பெயரும் இல்லை. எட்டாம் வகுப்பு வரைக்கும் இப்படியே நழுவி நழுவி வந்து, ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் இரண்டே மாசத்தில் நின்றுவிடும். அப்போது எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் சரி, உடம்பு சரியில்லையோ, லீவு லெட்டர் கொடுத்ததோ, கொடுக்காததோ, வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத பிள்ளை நாள்பட்டு வராத பிள்ளை. அங்கே பெரும்பாலும் 180 வேலை நாள், அதனால் 18 நாள் ஆனாலே மணி அடித்துவிடும். கொரோனாவுக்கு முன்பு 2018–19ல் நாடு முழுக்க சுமார் 15 சதவீதப் பிள்ளைகள் இப்படி இருந்தார்கள், 2021–22ல் சுமார் 28 சதவீதம் ஆகிவிட்டது. அந்த ஊர்க் கல்வி மாவட்டங்கள் பல, பள்ளிச் சராசரியோடு நிறுத்தாமல் பிள்ளை பிள்ளையாக எண்ணுகின்றன. நமக்கு அது முடியாதா? முடியும். எமிஸ் என்கிற நம் மாநிலப் பள்ளித் தகவல் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் இருக்கிறது, ஒவ்வொரு நாள் வருகையும் அதில் ஏறுகிறது. மாசம் பிறந்ததும் "உங்கள் வகுப்பில் இதுவரை பத்து சதவீதத்துக்கு மேல் வராதவர்கள் இவர்கள்" என்று ஆசிரியருக்கு ஒரு பட்டியல் வந்தால் போதும். நான் இதைக் கட்டம் போட்ட நோட்டில் கையால் செய்கிறேன். கிழமை வாரியாகவும் ஒரு கட்டம். தண்ணீர் விடும் நாள், சம்பளம் போடும் நாள், கோயில் கும்பிட்டு மறுநாள் எல்லாம் அந்தக் கட்டத்தில் வரிசையாகக் கறுத்துத் தெரியும். சந்தையில் காய் விலை ஏறினாலும் தெரியும். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதிரி நேரத்தில் விடுபட்ட ஆளெல்லாம் மலைக்கு ஏறும். ஏழாவது, எட்டாவது படிக்கும் பையன்கள் சிலரும் "சும்மா அம்மாகூடத்தான் டீச்சர்" என்று ஏறுவார்கள். சட்டப்படி அது கூடாது என்று எனக்கும் தெரியும், ஜீப்காரருக்கும் தெரியும்.

சரி, பிள்ளைகளை வரவைக்க என்ன செய்தேன் என்ற கதைக்கு வருகிறேன். முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான், பரிசு. இதற்கு முன்னால் வேலை பார்த்த பள்ளியில் சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, வந்த நாளுக்கு ஒரு ஸ்டார், மாசம் முழுக்க வந்தால் ஜாமெட்ரி பாக்ஸ். என் கைக்காசு. மூன்று மாசம் ஓடியது. பரிசு வாங்கியதெல்லாம் பள்ளிக்கு எதிர்வீட்டில் அப்பத்தாவோடு இருக்கும் பிள்ளைகள், அவர்கள் சார்ட் இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள். இரண்டாம் தேதியே காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு பையன் அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் வராமல் இருக்க ஆரம்பித்தான். கேட்டதற்கு, "எனக்குத்தான் ஸ்டாரு போயிருச்சே" என்றான். எனக்குச் சுருக்கென்று இருந்தது. கடைசி ஜாமெட்ரி பாக்ஸை என் பையிலேயே வைத்துக்கொண்டேன், இப்போது அதில் நான் சாக்பீஸ் வைக்கிறேன்.

பிறகுதான் தெரிந்தது, இதைப் பெரிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 15,329 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு. ஒரு மாசம் முழுக்க வந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்ன பிள்ளைகளிடம் சராசரியில் ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே ஒரு மாசம் முழுக்க வந்ததற்காகத் திடீரென்று பரிசு கொடுத்த பிள்ளைகளோ, அடுத்த மாசம் கூடுதலாக லீவு போட்டார்கள். "மற்றவர்களை விட நாம் அதிகமாகத்தான் வந்துகொண்டிருக்கிறோம் போல" என்று அந்தப் பரிசே அவர்களுக்குச் சொல்லிவிட்டது என்பது ஆய்வாளர்களின் ஊகம். எனக்கு இது நன்றாகப் புரிகிறது. ஆண்டுவிழாவில் நூறு சதவீத வருகைக்குக் கேடயம் கொடுப்பதை நிறுத்தச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அதனால் அங்கே நான் வாயைத் திறப்பதில்லை.

அடுத்தது சீட்டு. இதுவும் ஓர் ஆய்வைப் பார்த்து வந்த யோசனைதான். பிலடெல்பியாவில் 28,000க்கும் அதிகமான வீடுகளுக்குத் தபால் போட்டார்கள், 2018ல் வெளியான ஆய்வு. பெற்றோருக்குத் தன் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்பது உண்மையில் தெரிவதில்லை, குறைத்தே நினைக்கிறார்கள். கடிதத்தில் அந்த எண்ணை எழுதி அனுப்பியதும், நாள்பட்டு வராத பிள்ளைகளின் எண்ணிக்கை பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. புத்திமதி கிடையாது, மிரட்டல் கிடையாது, எண் மட்டும்.

நானும் எழுதினேன். "ஜூன் முதல் உங்கள் மகள் பள்ளிக்கு வராத நாட்கள்: 17." பிள்ளையிடம் கொடுத்தால் போய்ச் சேராது என்று, கெட்டிக்காரத்தனமாக, ஜீப் ஓட்டும் அண்ணனிடம் ஏழெட்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்பினேன். அங்கேதான் சறுக்கினேன். அந்தப் பெண்களில் சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த ஒருத்தர் செல்போன் வெளிச்சத்தில் எல்லாச் சீட்டையும் உரக்கப் படித்துவிட்டார். மலை ஏறும் வரைக்கும் அதே பேச்சு. இருபத்து மூன்று நாள் என்று எழுதியிருந்த பிள்ளையின் அம்மா மறுநாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு வந்து, தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றுகொண்டு, "எம்பிள்ள கணக்கை ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்டுனா நாளைக்கு நான் எப்படிம்மா அந்த ஜீப்புல ஏறுவேன்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு நாள் கூலியும் போனது. மன்னிப்புக் கேட்டேன். காபி வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

அப்புறம் முறையை மாற்றிக்கொண்டேன். நானே ஐந்து மணிக்கு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். வாரத்துக்கு ஒரு நாள்தான், அதற்கு மேல் என்னால் முடியவில்லை, எனக்கும் வீடு இருக்கிறது. தனியாகக் கூப்பிட்டு எண்ணை மட்டும் காதில் சொல்வேன். "பதினாலு நாளா? நாலஞ்சு நாள்தான டீச்சர் இருக்கும்!" ஏறக்குறைய எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. அம்மா போகும்போது பிள்ளை தூக்கத்தில், வரும்போது பிள்ளை வீட்டில். நடுவில் போனதா இல்லையா என்று யார் சொல்வார்கள்? ஒன்பதரைக்கு நாங்கள் போன் அடித்தால் மலையில் ரேஞ்ச் கிடைக்காது.

அந்த ஐந்து மணி இருட்டில் தெரிந்துகொண்ட விஷயங்கள் எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. எஸ்.எம்.சி. என்கிற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வைத்தால் இவர்கள் எப்படி வருவார்கள்? சாரல் அடிக்கும் மாசத்தில் யூனிஃபார்ம் காய்வதில்லை என்று ஓர் அம்மா சொன்னார். அரசாங்கம் நாலு செட் தருகிறது, ஆனால் ஒரே நாளில் நாலும் கைக்கு வருவதில்லை. ஈரப் பாவாடையோடு அனுப்ப மனசு வராமல் இருக்கவைத்துவிடுகிறார்கள். இது தீர்க்க ஒரு நிமிஷ வேலை. தலைமையாசிரியரிடம் பேசி, மழை நாளில் கலர் டிரஸ்ஸில் வரலாம் என்று பிரேயரில் சொல்லிவிட்டோம். இன்னொருத்தர் தயங்கித் தயங்கி, எட்டாவது படிக்கும் மகள் மாசத்தில் மூன்று நாள் ஏன் வருவதில்லை என்று சொன்னார். நாப்கின் பள்ளியில் கொடுக்கிறோம். ஆனால் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, மோட்டார் கெட்டு மாசக்கணக்காகியிருந்தது. மாசம் மூன்று நாள் என்றால் பத்து மாசத்துக்கு முப்பது நாள். அந்தப் பெண் என் நோட்டில் பத்து சதவீதக் கோட்டைத் தாண்டிய காரணம் படிப்பில் அக்கறையின்மை என்றுதான் நான் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டு "மோட்டார்" என்று எழுதினேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டால் பள்ளிக்கு வரும் என்பது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, பிறகு முட்டை, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு. 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளியிலும் எட்டேகால், எட்டரைக்கெல்லாம் சின்ன வகுப்புகள் நிறைந்துவிடும். பொங்கல் போடும் நாளில் இன்னும் சீக்கிரமாக.

ஆனால் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைக்கும்தான். எங்களுடையது நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தினமும் இரண்டாம் வகுப்புத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் உட்காரவைத்துவிட்டு, சமையல்கூடத் திண்ணைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பாள். போன வருஷம் வரைக்கும் அவளும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டவள். தம்பி சாப்பிட்டு முடிந்ததும் தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு, சில நாள் அப்படியே வகுப்புக்கு வருவாள், சில நாள் "வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வாறேன்" என்று போவாள். போனவள் வர மாட்டாள். வீட்டுக்குப் போனால் தண்ணீர் வந்திருக்கும், பாத்திரம் கிடக்கும், கொஞ்சம் படுத்தால் தூங்கிவிடுவாள். ஆறாம் வகுப்பில் அவள் சதவீதம் சரிந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் கண்டுபிடிக்கவில்லை, சமையல் செய்யும் அக்கா சொன்னார். "மிச்சம் இருந்தா நான் அதுக்கும் ஒரு கரண்டி வைப்பேன் டீச்சர், கணக்குல வராம பாத்துக்கங்க" என்றார். கணக்கு டீச்சரிடமே சொல்கிறார்.

சீசன் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள். காய் எடுப்பு மும்முரத்தில் குடும்பத்தோடு மேலே போய்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தங்கிவிடுபவர்கள். பீர்மேடு பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் என் தோழி ஒருத்தி டீச்சராக இருக்கிறாள். இங்கே எமிஸ், அங்கே கேரளப் பள்ளிகளின் பதிவுத் தளமான சம்பூர்ணா, இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. இங்கே நீண்ட நாள் வராத பிள்ளை, அங்கே பதிவிலேயே இல்லாத பிள்ளை. நானும் அவளும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டு, "உன் ஊர்ப் பிள்ளை ஒன்று எங்கள் பள்ளி வாசலில் நிற்கிறது, உட்காரவைக்கட்டுமா?" என்று கேட்பதுதான் இரண்டு மாநிலத்துக்கும் நடுவே ஓடும் தரவுப் பரிமாற்றம். கேரளாவில் பழங்குடிப் பிள்ளைகளை ஊருக்குள் போய் ஜீப்பில் கூட்டிவர வித்யாவாஹினி என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள், நம் பக்கத்திலும் தூரத்து மலைக் குடியிருப்புகளுக்குப் போக்குவரத்துப்படி உண்டு. ஆனால் சாந்தன்பாறைத் தோட்டத்து லயத்தில் தங்கியிருக்கும் போடிப் பிள்ளை இரண்டிலும் சேராது.

தேனி மாவட்டத்தில் எட்டு ஒன்றியங்கள். அத்தனைக்கும் ஒரே சுற்றறிக்கை, ஒரே மாதிரி விழிப்புணர்வுப் பேரணி, ஒரே அட்டை வாசகம். எனக்குப் பேரணி மேல் கோபம் இல்லை, ஆனால் பேரணியில் வருவது ஏற்கெனவே பள்ளிக்கு வந்த பிள்ளைகள்தானே. ஆண்டிபட்டி, மயிலாடும்பாறைப் பக்கத்து வீட்டுக் காலைக்கும் போடி, கம்பம் பக்கத்து வீட்டுக் காலைக்கும் ஏகப்பட்ட வித்தியாசம் இருக்கிறது. ஜீப் ஏறும் ஊர்களில் மட்டுமாவது, காய் எடுப்பு மாசங்களில் மட்டுமாவது, பள்ளி கேட்டை ஏழு மணிக்கோ ஏழரைக்கோ திறந்து வைத்து, உள்ளே ஒரு பெரிய ஆளை உட்காரவைத்தால் என்ன? அந்த ஆளுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். 2021ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது சாயங்காலம் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஊர் பெண்கள் கிடைத்தார்களே, மாசம் ஆயிரம் ரூபாய்க்கு. சாயங்காலத்துக்குக் கிடைத்தவர்கள் காலைக்குக் கிடைக்க மாட்டார்களா? காலை உணவையும் அந்த ஊர்களில் எட்டாம் வகுப்பு வரைக்கும் நீட்டினால் வேப்பமரத்தடியில் யாரும் நிற்க வேண்டியிருக்காது.

உத்தரவு வரட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. தலைமையாசிரியர் முதலில் யோசித்தார், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று. அவர் பயமும் நியாயம்தான். கடைசியில் சாவி ஒன்று கொடுத்தார். ஆடி பிறந்ததிலிருந்து ஏழரைக்குத் திறக்கிறோம். பழைய தன்னார்வலர் பெண் ஒருத்தி வருகிறாள், நாங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து கையில் ஏதோ கொடுக்கிறோம். பாடம் எதுவும் கிடையாது. ஒரு சீப்பு, ஒரு தேங்காய் எண்ணெய்ப் பாட்டில், இரண்டு கேரம் போர்டு, விரித்துப்போட ஜமுக்காளம். முதல் வாரம் ஏழு பிள்ளைகள் வந்தார்கள், பாதிப்பேர் வந்ததும் ஜமுக்காளத்தில் படுத்துத் தூங்கிவிட்டார்கள். தூங்கட்டும். மணி அடிக்கும்போது எழுப்பினால் உள்ளேதானே இருக்கிறார்கள்.

அந்த ஆறாம் வகுப்புப் பெண் இப்போது கேட் திறக்கும் முன்னாலேயே தம்பியோடு வாசல் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் விடும் நாளில் மட்டும் இன்னும் காணோம். நேற்று பஞ்சாயத்தில் குழாய் திறந்துவிடும் அண்ணனைப் பிடித்து, எட்டு மணிக்கு விடுவதை ஆறு மணிக்கு விடக் கூடாதா என்று கேட்டேன். "ஆறு மணிக்கு ஜீப்புக்காரப் பொம்பளைக யாருமே ஊருல இருக்க மாட்டாகளே டீச்சர், யாரு புடிப்பா?" என்றார். எட்டு மணிக்கும் அவர்கள் இருப்பதில்லை அண்ணே, என் வகுப்புப் பிள்ளைகள்தான் பிடிக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். அப்படியென்றால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் விட்டுப் பார்க்கட்டுமா, தலைவரிடம் கேட்க வேண்டும் என்றார். திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன்.